பல் கிளினிக் ஆய்வறிக்கைகளை ஊரறிய வெளியிடுங்கள்: ஊரக நலப்பணிகள் இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம்.

நான் ஆம்பூரைச் சேர்ந்தவள். ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். பணிக்காலத்தில் பெரும்பகுதி, ஆபரேஷன் தியேட்டர் கருவிகளைக் கழுவி, துடைத்து, கட்டி, ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமியைக் கொல்லும் மிஷின்) ஏற்றி இறக்கும் பிரிவிலேயே கழிந்தது. அந்த அனுபவத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். தனியார் பல் கிளினிக்குகளில் உங்கள் துறை செய்யும் ஆய்வு, கருவி கழுவும் இடம் வரை போக வேண்டும். அங்கே கண்டதை அந்த ஊர் மக்கள் படிக்கிற மாதிரி வெளியிட வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

ஏன் கேட்கிறேன் என்று உங்களுக்கு விளக்கவே தேவையில்லை. வாணியம்பாடி எங்களுக்குப் பக்கத்து ஊர். 2022-23-ல் வட தமிழ்நாட்டு மாவட்டங்களில் 21 பேருக்கு மெலியோய்டோசிஸ் என்கிற பாக்டீரியா நோய் மூளையையும் நரம்பையும் தாக்கியிருந்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள், சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், நமது பொது சுகாதாரத் துறை மூன்றும் சேர்ந்து எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனார்கள். 21 பேரில் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் கிளினிக்கில் சிகிச்சை எடுத்தவர்கள். அந்தப் பத்துப் பேரில் 8 பேர் இறந்துபோனார்கள். மற்ற 11 பேரில் இறந்தவர் ஒருவர் மட்டுமே.

பல்வலிக்குப் போன எட்டுப் பேர். காய்ச்சல், தலைவலி என்று ஆரம்பித்து, முகநரம்பு செயலிழந்து, உயிரோடு திரும்பாமல் போனவர்கள்.

காரணமாக அந்த ஆய்வு சுட்டிக்காட்டியது ஒரு சலைன் பாட்டிலை. ஈறை எலும்பிலிருந்து விலக்குவதற்கு பெரியாஸ்டியல் எலிவேட்டர் என்று ஒரு கருவி உண்டு. அதை வைத்தே சலைன் பாட்டிலைத் திறந்திருக்கிறார்கள். மிச்சமிருந்ததைப் பஞ்சால் லேசாக அடைத்துவைத்து, அடுத்தடுத்து வந்தவர்களுக்கும் ஊற்றியிருக்கிறார்கள். அங்கே உபயோகத்தில் இருந்த பாட்டிலில் அந்தக் கிருமியின் தடயம் கிடைத்தது. பர்கோல்டெரியா சூடோமல்லி என்கிற இந்தக் கிருமி மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாழ்வது. வழக்கமாகத் தோலில் உள்ள வெட்டுக்காயம் வழியாக ஏறும். சர்க்கரை நோயாளிகளை அதிகம் பிடிக்கும். மூளைக்குப் போவது அபூர்வம். வாயில் திறந்த புண்ணில் நேராக ஊற்றப்பட்டால் நிலைமையே வேறு.

சலைனில் கிருமியைத் தடுக்கும் மருந்து எதுவும் கலந்திருக்காது. வெறும் உப்புத் தண்ணீர். திறந்து மிச்சமானதை அடுத்த நோயாளிக்கு எடுத்து வைக்கக் கூடாது என்பதை நர்சிங் படிப்பில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். பாட்டிலின் விலையும் சில பத்து ரூபாய்தான். ஆகவே இது பெரிய மிஷின் இல்லாததால் வந்த சாவு இல்லை. யாராவது ஒரு ஆய்வாளர் ஒரு நாள் அந்த அறைக்குள் நுழைந்து மேஜையைப் பார்த்திருந்தால், பஞ்சு அடைத்த பாட்டில் கண்ணில் பட்டிருக்கும். என்னை உறுத்திக்கொண்டே இருப்பது அதுதான்.

இன்னொன்றும் உறுத்துகிறது. விசாரணை நடந்தது 2023-ல். ஊருக்கு விஷயம் தெரிந்தது 2025-ல். லான்செட் மருத்துவ இதழ்க் குழுமத்தின் தென்கிழக்கு ஆசிய இதழில் கட்டுரை வந்து, அதைப் பத்திரிகைகள் எடுத்து எழுதிய பிறகு. அந்தக் கிளினிக் 2023-லேயே மூடப்பட்டது என்று அரசு தரப்பில் சொன்னார்கள். சரி, அது நல்ல காரியம். ஆனால் இடைப்பட்ட காலத்தில் இந்தப் பக்கத்து ஜனங்கள் எத்தனையோ பேர் எத்தனையோ கிளினிக்குகளில் வாயைத் திறந்து உட்கார்ந்திருக்கிறோம். "சலைன் பாட்டிலைப் புதிதாகத் திறக்கச் சொல்லுங்கள்" என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. அந்த ஒரு வரியை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிப் போட்டிருந்தால்கூடப் போதும்.

பீதி கிளம்பும் என்று தயங்கியிருக்கலாம். கொரோனா காலத்தில் தினமும் மாலையில் மாவட்டவாரியாகக் கணக்கு வெளியிட்ட துறை இது. அப்போது மக்கள் பயந்தார்கள், முகக்கவசமும் போட்டுக்கொண்டார்கள். விவரம் தெரிந்தால்தான் ஜனங்களால் தங்களைக் காத்துக்கொள்ள முடியும் என்பதை உங்கள் துறையே நடத்திக் காட்டியிருக்கிறது.

இனி ஆய்வு விஷயத்துக்கு வருகிறேன். தனியார் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 1997-ல் வந்தது. அதற்கான விதிகள் 2018-ல் வந்தன. பல் கிளினிக்கும் அதற்குள் அடக்கம். மருத்துவக் கழிவுக்கு 2016-ன் விதிகள் இருக்கின்றன, மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று எந்தக் கழிவு எதில் போக வேண்டும் என்பது வரை எழுதியிருக்கிறது. பல் எக்ஸ்ரே மிஷினுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தில் பதிவு வேண்டும். காகிதத்துக்குக் குறை இல்லை. பெரும்பாலான கிளினிக்குகளில் பதிவுச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கவும் செய்கிறது. ஆனால் அந்தச் சான்றிதழ், இந்த இடத்தில் பதிவு பெற்ற டாக்டர் இருக்கிறார் என்று மட்டும்தான் எனக்குச் சொல்கிறது. என் வாயில் வைக்கப் போகும் கருவி காலையிலிருந்து எத்தனை வாய்க்குள் போய் வந்தது என்று அது சொல்லாது.

எங்கள் பகுதியில் ஒரு கிளினிக்கில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். தெருவில் வயதான அக்கா ஒருவருக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கத் துணைக்குப் போயிருந்தேன். சுத்தமான இடம், ஏ.சி., கண்ணாடிக் கதவு, சுவரில் பளீரென்று சிரிக்கும் பெண் படம். உள்ளே ஒரு நோயாளிக்குப் பல்லை ராவி முடித்ததும், உதவியாளர் பெண் அந்த ஹேண்ட்பீஸை, அதாவது பல்லை ராவும் கைக்கருவியை, ஸ்பிரிட் பஞ்சால் ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்து அதே கொக்கியில் மாட்டினாள். அடுத்து உட்கார்ந்தவருக்கு அதையே எடுத்தார்கள். கண்ணாடிகளும் இடுக்கிகளும் நீல விளக்கு எரியும் ஒரு பெட்டிக்குள் அடுக்கியிருந்தன. "இதெல்லாம் ஆட்டோகிளேவ் பண்ணதாம்மா?" என்று கேட்டேன். "யு.வி.லதான ஆன்ட்டி வச்சிருக்கோம்" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அக்காவைக் கூட்டிக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விட்டேன்.

அந்த நீல விளக்குப் பெட்டியைப் பற்றி உங்கள் ஆய்வாளர்களுக்கு அழுத்திச் சொல்லுங்கள். புற ஊதாக் கதிர் படும் மேற்பரப்பில் உள்ள கிருமியைத்தான் ஓரளவு தாக்கும். இடுக்கியின் மூட்டுக்குள், கருவியின் அடிப்பக்கத்தில், காய்ந்த ரத்தத்தின் கீழே அது போகாது. ஏற்கெனவே ஸ்டெரிலைஸ் செய்த கருவியை எடுத்து வைக்கிற இடம் அது, அவ்வளவுதான். வெந்நீரில் கொதிக்க வைப்பதும் அப்படியே. ஸ்போர் என்கிற கெட்டியான உறை கட்டிய கிருமி கொதிநீரில் சாகாது. குளூட்டரால்டிஹைடு மருந்தில் கருவியை ஊறப் போட்டு, அடுத்த நோயாளி வந்ததும் அலசி எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மருந்து முழுசாக ஸ்டெரிலைஸ் செய்ய 10 மணி நேரம் ஆகும்.

ஹேண்ட்பீஸ் விஷயம் இன்னும் மோசம். அது சுழன்று நிற்கும் தருணத்தில் வாயிலுள்ள எச்சிலையும் ரத்தத்தையும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும். வெளியே எத்தனை தரம் துடைத்தாலும் உள்ளே இருப்பது அடுத்தவர் வாயில்தான் தெறிக்கும். ஒவ்வொரு நோயாளிக்கும் நடுவில் ஆட்டோகிளேவ் போட்டே ஆக வேண்டிய சாமான் அது. ஒரு நாளில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை ஹேண்ட்பீஸ் இருக்கிறது, ஆட்டோகிளேவ் எத்தனை முறை ஓடியது என்கிற மூன்று எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே கதை வெளியே வந்துவிடும். இருபது நோயாளி, இரண்டு ஹேண்ட்பீஸ், ராத்திரி ஒரே ஒரு ஓட்டம் என்றால் மேற்கொண்டு விசாரிக்கவே வேண்டாம்.

ஆட்டோகிளேவ் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகக் கூடாது. 121 டிகிரியில் 15 நிமிடமாவது, அல்லது 134 டிகிரியில் 3 நிமிடமாவது நீராவி கருவியின் மேல் முழுசாகப் பட்டாக வேண்டும். பவுச் என்கிற உறையில் போட்டுக் கட்டியிருந்தால் நேரம் இன்னும் கூடும். மிஷினின் அளவு முள் அந்த டிகிரியைக் காட்டினாலும் உள்ளே காற்று தங்கியிருந்தால் வேலை நடந்திருக்காது. அதற்காகத்தான் பவுச்சில் நிறம் மாறும் ஸ்ட்ரிப் இருக்கிறது, அதற்கும் மேலே ஸ்போர் சோதனை இருக்கிறது. வாரம் ஒரு முறை, சாகடிக்கக் கடினமான ஒரு வகைக் கிருமியின் ஸ்போரை உள்ளே வைத்து ஓட்டி, அது செத்ததா என்று பார்ப்பது. நாங்கள் வேலை பார்த்த இடத்தில் அந்த ரிசல்ட் வராமல் அந்த மிஷினில் ஓடிய செட்டைத் தியேட்டருக்கு அனுப்பத் தலைமைச் செவிலியர் விடமாட்டார். டாக்டர் எவ்வளவு கோபித்துக்கொண்டாலும் சரி. பல் கிளினிக்குகளில் இந்த நோட்டுப் புத்தகத்தை ஆய்வாளர் வாங்கிப் பார்க்க வேண்டும். நோட்டே இல்லை என்றால் அதையும் அறிக்கையில் எழுத வேண்டும்.

அப்புறம் தண்ணீர். பல் நாற்காலியில் தண்ணீர் போகும் மெல்லிய குழாய்களுக்குள் வழவழவென்று ஒரு படலம் கட்டிக்கொள்ளும். ராத்திரி முழுக்க தேங்கி நின்ற தண்ணீரில் கிருமி பெருகும். 2016-ல் அமெரிக்காவில் கலிபோர்னியாவின் அனாஹைம் நகரத்தில், பாற்பல்லுக்கு நரம்புச் சிகிச்சை செய்துகொண்ட சுமார் 70 குழந்தைகளுக்கு இந்தக் குழாய்த் தண்ணீர் வழியாகத் தாடை எலும்பு வரை தொற்று போனது. பணக்கார நாட்டில், குழந்தைகளுக்கென்றே நடத்தப்பட்ட கிளினிக்கில். காலையில் திறந்ததும் சில நிமிடம் தண்ணீரை ஓடவிடுகிறார்களா, குழாய்க்கு எப்போது மருந்து விட்டார்கள், எலும்பு தெரியும் சிகிச்சைக்குப் புதிதாகத் திறந்த சலைனைத்தான் ஊற்றுகிறார்களா என்பதை ஆய்வாளர் நேரில் நின்று பார்க்க வேண்டும். கேள்வி கேட்டுப் பதிலை எழுதிக்கொண்டால் எல்லோரும் "ஆமாம்" என்றுதான் சொல்வார்கள்.

இதையெல்லாம் பார்த்து எழுதுகிற அறிக்கை கோப்புக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் எங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. நம் ஊர்ப் பேருந்துகளில் எஃப்.சி. எந்தத் தேதி வரை என்று பெயிண்டில் எழுதியிருக்கிறது, ஏறும் முன்பே யாரும் படித்துக்கொள்ளலாம். பல் கிளினிக் வாசலிலும் அதேபோல் கடைசி ஆய்வு நடந்த தேதி, என்ன குறை இருந்தது, சரி செய்தார்களா என்று தமிழில் ஒரு அட்டை தொங்கட்டும். முழு அறிக்கை உங்கள் இணையதளத்தில் மாவட்டவாரியாக இருக்கட்டும்.

இங்கிலாந்தில் பல் கிளினிக்குகள் 2011 ஏப்ரல் முதல் பராமரிப்புத் தர ஆணையத்தின் கீழ் வந்தன. அந்த ஆணையத்தின் ஆய்வாளர்கள் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறார்கள்: பாதுகாப்பாக இருக்கிறதா, சிகிச்சை பலன் தருகிறதா, நோயாளியிடம் அக்கறை இருக்கிறதா, அவர்கள் தேவைக்கு ஈடு கொடுக்கிறார்களா, நிர்வாகம் ஒழுங்காக நடக்கிறதா. அறிக்கையை யார் வேண்டுமானாலும் இணையத்தில் படிக்கலாம். கிளினிக் பெயர் போட்டு, கருவி சுத்தம் எப்படி, அவசர மருந்துகள் காலாவதியாகாமல் இருக்கிறதா, பணியாளருக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டார்களா என்பது வரை வரும். நன்றாக நடத்துகிறவர்களைப் பாராட்டியும் எழுதுகிறார்கள். அதனால் நல்ல டாக்டருக்கு லாபமே ஒழிய நஷ்டம் இல்லை.

அந்த நாட்டிலும் ஆய்வு மட்டும் போதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2014-ல் நாட்டிங்ஹாம் பக்கம் ஒரு கிளினிக்கில் டாக்டர் கையுறையையும் கருவிகளையும் மாற்றாமலே அடுத்தடுத்த நோயாளிகளைப் பார்த்தது அம்பலமாகி, சுமார் 22,000 பேரை ரத்தப் பரிசோதனைக்கு அழைக்க வேண்டியதாயிற்று. அதை வெளியே கொண்டுவந்தது ஆய்வாளர் இல்லை. ரகசியமாக வீடியோ எடுத்து ஒருவர் கொடுத்த தகவல்.

இங்கேதான் நம் உதவியாளர் பெண்களை நினைத்துப் பார்க்கச் சொல்கிறேன். நம் ஊர் கிளினிக்குகளில் கருவி கழுவுகிறவர்கள் பெரும்பாலும் பிளஸ் டூ முடித்து, பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிற பெண்கள். முறையான பயிற்சி கிடையாது, சம்பளம் சொற்பம். கையில் ஊசி குத்தினால் என்ன செய்ய வேண்டும் என்றுகூட நிறையப் பேருக்குத் தெரியாது. கிளினிக்கில் நடக்கிற தப்பு முதலில் அவர்கள் கண்ணில்தான் படும். ஆனால் சொன்னால் வேலை போய்விடும். 104 சுகாதார உதவி எண்ணில், பெயரைச் சொல்லாமல் புகார் கொடுக்க அவர்களுக்கு ஒரு வழி வையுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் கருவி சுத்தம் பற்றி இலவசமாக ஒரு குறுகிய பயிற்சி நடத்தி, அதை முடித்த ஒருவராவது ஒவ்வொரு கிளினிக்கிலும் இருக்க வேண்டும் என்று விதியாக்குங்கள். எங்களைப் போல ஓய்வு பெற்ற செவிலியர்கள் மாவட்டத்துக்கு நிறையப் பேர் இருக்கிறோம். கூப்பிட்டால் வந்து சொல்லிக் கொடுப்போம்.

பல் டாக்டர்கள் மேல் எனக்கு விரோதம் எதுவும் கிடையாது. அன்றைக்கு அக்காவை இரண்டாவதாகக் கூட்டிப்போன இடம், மாடிப்படி ஏறிப் போகிற ஒரு சின்ன அறை. ஒரே நாற்காலி, மின்விசிறி. அந்தப் பெண் டாக்டர் சீல் வைத்த பவுச்சை எங்கள் முன்னால் தூக்கிக் காட்டி, ஸ்ட்ரிப் கறுத்திருப்பதைக் காட்டி, அப்புறம்தான் கிழித்தார். நாங்கள் கேட்கவே இல்லை. சலைன் பாட்டிலையும் அப்போதுதான் புதிதாகத் திறந்தார். அவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது சொன்னார்: நல்ல ஆட்டோகிளேவ் வாங்கவே லட்சத்துக்கு மேல் ஆனது, அடிக்கடி சூடேற்றுவதால் ஹேண்ட்பீஸ் பேரிங் சீக்கிரம் போகிறது, எல்லாம் சேர்த்துக் கட்டணம் வாங்கினால் "எதிர்க் கடையில் பாதி விலைதானே" என்று நோயாளி எழுந்து போய்விடுகிறார். எதிர்க் கடையில் ஏன் பாதி விலை என்பது நோயாளிக்குத் தெரிய வழியே இல்லை. அறிக்கை வெளியானால் அது தெரிந்துவிடும். நியாயமாகத் தொழில் செய்கிற இந்த மாதிரி டாக்டர்களுக்கு, ஆட்டோகிளேவ் வாங்க வங்கிக் கடனில் வட்டிச் சலுகை வாங்கித் தர முடியுமா என்றும் பாருங்கள். முதல் ஆய்வில் சின்னக் குறை தெரிந்தால் உடனே பூட்டுப் போட வேண்டாம், சரி செய்ய அவகாசம் கொடுத்து, சொல்லாமல் போய் மறுபடி பார்க்கட்டும். ஆனால் திறந்த சலைனை அடுத்தவருக்கு ஊற்றுகிற இடத்துக்கும், ஹேண்ட்பீஸை வெறுமனே துடைத்து மாட்டுகிற இடத்துக்கும் அவகாசமே கூடாது.

அரசு மருத்துவமனைப் பல் பிரிவுகளையும் இதே அளவுகோலால் பார்க்க வேண்டும், அங்கேயும் அட்டை தொங்க வேண்டும். காசு இல்லாதவர்கள் போகிற இடம் அது.

திருப்பத்தூர், வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை மாவட்டங்களில் இதை முதலில் ஆரம்பியுங்கள். மழைக்காலத்துக்கு முன்பே ஒரு சுற்று முடிந்தால் நல்லது. மெலியோய்டோசிஸ் மழையை ஒட்டித்தான் கூடும். 2023 விசாரணைக்குப் பிறகு எங்கள் பகுதியில் எத்தனை பல் கிளினிக்குகளில் ஆய்வு நடந்தது, என்ன கண்டார்கள், எத்தனை இடங்களில் திருத்தினார்கள் என்ற விவரத்தையும் வெளியிடுங்கள். அந்த எட்டுக் குடும்பங்களுக்கும் அதைத் தபாலில் அனுப்பி வையுங்கள். அதைக் கேட்டு அவர்களை அலுவலகம் அலுவலகமாக அலைய வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
ஆம்பூர், திருப்பத்தூர் மாவட்டம்.